கம்ப்யூட்டரை மெதுவாக்கியது வைரஸா, ஆன்டிவைரஸா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

"சார், ஆன்டிவைரஸ் போட்டதுல இருந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குதுங்க சார். எடுத்துடட்டுங்களா?"

நாகரசம்பட்டியில் பழைய மாணவர்கள் என்னை வழியில் நிறுத்திக் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பையன் கேட்டிருக்கிறான். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டிருக்கிறார். மகள் கல்யாண போட்டோ முழுவதையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அம்மா ஒருவரும் கேட்டார். நான் கம்ப்யூட்டர் வாத்தியார் இல்லை, வரலாறு எடுத்தவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்து எழுதுகிறேன். "மெதுவாகிவிட்டது" என்ற புகாருக்கு இப்போது நாற்பது வயது. முதலில் அது வைரஸ் மேல் சொல்லப்பட்ட புகார். பிறகுதான் ஆன்டிவைரஸ் மேல் திரும்பியது.

1986 ஜனவரி. லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர்கள் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார்கள். பெயர் 'பிரெயின்'. ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் இதுதான். தாங்கள் எழுதி விற்ற மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்! இப்படி விலாசம் கொடுத்துவிட்டு வந்த திருடனை நான் வேறெங்கும் படித்ததில்லை. 25 வருடம் கழித்து, 2011-இல், ஃபின்லாந்தைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர் மிக்கோ ஹிப்போனென் அந்த விலாசத்தைத் தேடி லாகூர் போனார். சகோதரர்கள் அதே இடத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து ஃப்ளாப்பியின் கொள்ளளவு 360 கிலோபைட். பிரெயின் அதன் முதல் பகுதியில், அதாவது கம்ப்யூட்டர் எழுந்தவுடன் படிக்கும் இடத்தில், போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது அந்த இடத்தைத் திறந்து பார்த்தால், தன்னைக் காட்டாமல் பழைய சுத்தமான பக்கத்தை எடுத்துக் காட்டும். கோப்புகளை அழிக்க வேண்டும் என்று எழுதப்பட்டதல்ல அது. வெளியே தெரிந்த தொல்லைகளில் முக்கியமானவை இரண்டு: ஃப்ளாப்பி டிரைவ் மெதுவாக ஓடும், நினைவகத்தில் 7 கிலோபைட் காணாமல் போகும்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உலகம் பார்த்த முதல் பிசி வைரஸின் அறிகுறியே மெதுவாவதுதான். அன்றைக்கு ஒருவர் "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்றால் அதற்கு "வைரஸ் வந்திருக்கலாம்" என்று அர்த்தம்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1990-இல் இந்தியாவில் 'ஜோஷி' என்று ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. வருடம் முழுக்கச் சும்மா இருக்கும். ஜனவரி 5-ஆம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால் திரை நின்றுவிடும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும். செய்தால்தான் விடும். இப்போது கேட்டால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மாதக் கடைசிச் சம்பளப் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அடுத்து 1992 மார்ச் 6. மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் அந்தத் தேதியில் உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்குகளை அழிக்கப்போகிறது என்று பத்திரிகைகள் கிலி கிளப்பின. 50 லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை போகலாம் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்கள்தான். ஆனால் அந்தப் பயம் ஆன்டிவைரஸ் என்ற சரக்கை உலகச் சந்தையில் நிலைநிறுத்திவிட்டது. அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி 1987-லேயே கடை விரித்திருந்தார். நார்ட்டன் பெயரில் 1991-இல் ஒன்று வந்தது.

இந்தியாவில் அப்போது இரண்டு ஊர்களில் இந்த வேலை நடந்தது. ஒன்று புனே. கால்குலேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த கைலாஷ் கட்கர், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மாறினார். ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் வைரஸ் இருப்பதைப் பார்த்து, அதை எடுக்கத் தம்பி சஞ்சய் எழுதிய கருவிகள்தான் வளர்ந்து 1990-களின் நடுவில் 'குயிக் ஹீல்' ஆனது. இன்னொன்று நம் சென்னை. 1991-இல் ஜே. கேசவர்தனன் தொடங்கிய 'கே7 கம்ப்யூட்டிங்'. மென்பொருள் ஏற்றுமதி என்றாலே பெங்களூரைப் பார்க்கும் நமக்கு, ஆன்டிவைரஸில் சென்னை முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது. பின்னால் மறுபடியும் கே7 பற்றி வருகிறேன்.

சரி, ஆன்டிவைரஸ் எப்போது பாரமானது? டாஸ் காலத்திலேயே. அப்போது புரோகிராம்கள் ஓடக் கிடைத்த முக்கிய நினைவகம் மொத்தமே 640 கிலோபைட். வேர்ட்ஸ்டார், லோட்டஸ் எல்லாம் இதற்குள்தான் ஓட வேண்டும். ஆன்டிவைரஸ் ஆரம்பத்தில் நாமே கூப்பிட்டால் வந்து சோதித்துவிட்டுப் போகும் ஆளாக இருந்தது. மருந்து கொடுத்துவிட்டுப் போகும் கம்பவுண்டர் மாதிரி. பிறகு வீட்டுக்குள்ளேயே தங்க ஆரம்பித்தது. நினைவகத்தில் நிரந்தரமாக உட்கார்ந்து, ஓடும் ஒவ்வொரு புரோகிராமையும் கவனிக்கும் வகை. 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-இல் மைக்ரோசாஃப்டே அப்படி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. அது தங்கும் இடம் அந்த 640-லிருந்து கழியும். பெரிய புரோகிராம் ஒன்றைத் திறந்தால் "நினைவகம் போதவில்லை" என்று வரும். உடனே ஆள் என்ன செய்வார்? காவல் வரியைத் தொடக்கக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். "எடுத்துடட்டுங்களா" அன்றே தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஒருமுறை சோதித்துவிட்டால் போதாதா, ஏன் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்?

இதற்குப் பதில் ஒரு அமெரிக்க மாணவரிடம் இருக்கிறது. ஃப்ரெட் கோஹென். 1983-இல் தன்னைத்தானே நகலெடுக்கும் புரோகிராமை வகுப்புக்காக எழுதிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் வைக்கச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் லியனார்ட் அடில்மேன். கோஹென் தன் ஆய்வில் கணக்குப்படியே நிரூபித்துக் காட்டியது இது: எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் ஒரே புரோகிராமை எழுதவே முடியாது. அறிவு போதாததால் இல்லை, அது கணிதத்தின் எல்லை. ஆகவே ஆன்டிவைரஸ் செய்வது எல்லாம் ஒரு வகையில் அடையாளம் பார்ப்பதுதான். போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் படம் மாட்டியிருப்பார்களே, அப்படி ஒரு பட்டியல். புதுத் திருடன் படம் நேற்று பட்டியலில் இல்லை, இன்று இருக்கிறது. நேற்று நல்லவன் என்று விட்ட கோப்பை இன்று மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் பல்கேரியாவிலிருந்து 'டார்க் அவெஞ்சர்' என்ற புனைபெயரில் ஒருவர், நகலாகும் ஒவ்வொரு முறையும் உருவம் மாறும்படி வைரஸ் எழுத ஒரு கருவியையே வெளியிட்டார். அதற்குப் பிறகு படத்தை ஒப்பிட்டால் மட்டும் போதவில்லை. சந்தேகமான புரோகிராமை ஒரு பொய்க் கம்ப்யூட்டருக்குள் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு கோப்பைத் திறக்கும் முன் அதற்குள் இவ்வளவு நாடகம்! சுருக்கிய கோப்பாக இருந்தால் பிரித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மூடி வைக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும் வரை நீங்கள் அழுத்திய அந்தக் கோப்பு காத்திருக்கும். நாமும் காத்திருப்போம்.

இதைவிடப் பெரிய தடை ஹார்ட் டிஸ்க். இந்தக் கணக்கை வகுப்பில் போட்டிருந்தால் பையன்கள் ரசித்திருப்பார்கள். பழைய மேசைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று. தேவையான இடம் ஊசிக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லி நொடி. ஊசிக்கை அந்த வரிசைக்கு நகர ஏறக்குறைய 9 மில்லி நொடி. மொத்தம் 13. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் கோப்புகளை எடுத்தால் நொடிக்கு 75 அல்லது 80 தடவைதான் எடுக்க முடியும். ஒரு லட்சம் கோப்பு உள்ள கம்ப்யூட்டரை முழுச் சோதனை போட்டால், ஒவ்வொன்றின் வாசலுக்குப் போய் நிற்பதற்கே இருபது நிமிடத்துக்கு மேல். உள்ளே போய்ப் படிப்பது தனி.

அலுவலக ரெக்கார்டு ரூமில் ஒரே ஒரு பியூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கோப்பு கேட்கிறீர்கள். அதே நேரத்தில் தணிக்கைக்கு வந்தவரும் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பியூன் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அலைவார். இருவருக்கும் வேலை நடக்காது. முழுச் சோதனை ஓடும்போது மவுஸ் அம்பு கூட நகராமல் நின்றதற்கு முக்கியக் காரணம் இந்த ஒற்றைப் பியூன்தான்.

இனி நம் ஊர்ப் பக்கம்.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஏறக்குறைய அந்த வருடங்களில்தான் நம் பக்கம் வாத்தியார் வீடுகளிலும் ஓசூர் கம்பெனியில் சம்பளம் வாங்குவோர் வீடுகளிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது. பெரும்பாலும் அசெம்பிள்டு. அல்லது பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய பெட்டி. பெங்களூர் கம்பெனிகள் கழித்துவிட்டதை அத்திப்பள்ளி தாண்டிக் கொண்டுவந்து நாம் புதுசு மாதிரி துணி போட்டு மூடி வைத்தோம். 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்றால் பெருமைக்குரியது. எக்ஸ்பிக்கு 128 எம்பி இருந்தால் நல்லது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னதால் 256 தாராளம் என்று நினைத்தோம்.

ஆனால் ஆன்டிவைரஸ்காரர்கள் 128-ஐ மனதில் வைத்து எழுதவில்லை. கலிஃபோர்னியாவில் புதுக் கம்ப்யூட்டர் வைத்துச் சோதித்த சரக்கு அது. ஃபயர்வால், மெயில் சோதனை, விளம்பரத் தடுப்பு என்று ஒவ்வொரு வருடமும் ஒரு அறை கூட்டிக் கட்டினார்கள். பல பத்து எம்பி நினைவகத்தை அது எடுத்துக்கொள்ளும். ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். மறுபடி அதே ஒற்றைப் பியூன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். ஒரே மென்பொருள், புதுப் பெட்டியில் பத்து நொடி தாமதம், பழைய பெட்டியில் பத்து நிமிடம். பாதுகாப்புக்கான விலையை அதிகமாகக் கட்டியது பழைய பெட்டி வைத்திருந்தவன்தான். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அன்றைய கம்ப்யூட்டர் பத்திரிகைகள் அதிகம் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

புதுப்பிப்புக்கு இணையமும் வேண்டும். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005-இல் வந்தது. குறைந்த வாடகைத் திட்டங்களில் மாதத்துக்குச் சில நூறு எம்பிதான் கணக்கு. கேடிகள் பட்டியல் தினமும் இறங்கினால் அந்தக் கணக்கிலிருந்துதான் கழியும். எனவே பலரும் புதுப்பிப்பை நிறுத்தி வைத்தார்கள். போன வருடத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆன்டிவைரஸ் வாசலில் நின்றது, அதன் பாரம் மட்டும் குறையவே இல்லை.

திருடனோ இணையத்தில் வரவில்லை. பென் டிரைவில் வந்தான். ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், பள்ளிக்கூடம், கம்பெனி, வீடு என்று ஒரே பென் டிரைவ் சுற்றும். சொருகியவுடன் தானாக ஓடும் வசதி விண்டோஸில் இருந்ததால் நாம் எதையும் திறக்கக்கூட வேண்டியதில்லை. 2007-இல் ஒரு வைரஸ் இந்தியா முழுக்க ஓடியது. ஆர்குட் திறந்தால் ஆர்குட்டுக்குத் தடை என்று சொல்லிச் சிரித்துவிட்டு மூடிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் திறந்தாலும் விடாது. ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு வரும் போலிப் புரோகிராம்கள் இன்னொரு ரகம். வினாத்தாள் ஃபோல்டர் என்று நினைத்து அழுத்தினால் தீர்ந்தது. தானாக ஓடும் இந்த வசதியைப் பழைய விண்டோஸ்களில் பென் டிரைவுக்கு நிறுத்தும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் பொதுப் புதுப்பிப்பில் அனுப்பியது 2011 பிப்ரவரியில். திருட்டு விண்டோஸ் என்பதால் புதுப்பிப்பை மூடி வைத்திருந்த வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை.

இந்த நிலையில் நம் மக்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் எனக்கு ஆச்சரியம். ஒரு ஆன்டிவைரஸ் வைரஸைப் பிடிக்கவில்லையா, இன்னொன்றையும் போடு! சர்வீஸ் கடைகளே போட்டுக் கொடுத்தன. என்ன நடக்கும்? நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். முதலாவது அதைச் சோதிக்கத் திறக்கும். யாரோ கோப்பைத் திறக்கிறார்கள் என்று இரண்டாவது குறுக்கே வரும். ஒன்றின் கேடிகள் பட்டியலை மற்றது பார்த்து "இதோ வைரஸ்" என்று கத்துவதும் உண்டு. என் கம்ப்யூட்டரில் இருந்த ஒன்று, தமிழ்த் தட்டச்சு மென்பொருளையே ஒருநாள் பிடித்துச் சிறையில் வைத்தது. அது விசைப்பலகையில் அழுத்தும் எழுத்தையெல்லாம் கவனிக்கிறதாம். கவனிக்காமல் எப்படி 'அ' எழுதுவது?

புகார் உலகம் முழுக்க இருந்தது. நார்ட்டனின் 2006-ஐ ஒட்டிய பதிப்புகள் பாரத்துக்கே பேர் போனவை. அந்தக் கம்பெனியே அடித்தளத்திலிருந்து திருத்தி எழுதி 2008 செப்டம்பரில் 2009 பதிப்பை விட்டது. நிறுவ ஒரு நிமிடம் கூட ஆகாது என்பதுதான் விளம்பரமே. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. கோடிக்கணக்கான பேரிடம் இருக்கும், நல்லது என்று தெரிந்த கோப்புகளை மறுபடி மறுபடி சோதிப்பானேன்? அவற்றைப் பட்டியலிட்டு விட்டுவிடலாம். கெட்டவர் பட்டியலோடு நல்லவர் பட்டியலும் வந்தது இப்படித்தான். நம் சென்னை கே7-இன் மென்பொருள் இதற்கு முன்பே ஜப்பானில் லேசானது என்று பேர் வாங்கியிருந்தது. சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி அதை 2006 முதல் வருடாந்திரப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லாமல் 'வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ' என்ற பெயரில் விற்றது. தோக்கியோவில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைச் சென்னையில் எழுதிய புரோகிராம் காத்துக்கொண்டிருந்தது.

மைக்ரோசாஃப்ட் 2009 செப்டம்பரில் இலவச ஆன்டிவைரஸ் கொடுத்தது. 2012-இல் விண்டோஸ் 8-இல் டிஃபெண்டர் என்ற பெயரில் உள்ளேயே வைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியாக வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கு அதோடு முடிந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை.

இடையில் 2011 செப்டம்பர் 15. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒன்றிலேயே இரண்டு இயங்குதளம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும். வருடங்கள் ஓடி, கொடுத்த மடிக்கணினிகளின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. நம் பேரூராட்சியில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். பென் டிரைவில் சுற்றிய அந்த வைரஸ்களெல்லாம் விண்டோஸுக்கு எழுதியவை. பாஸ் பக்கம் போனால் அவை ஓடவே ஓடாது, ஆன்டிவைரஸ் பாரமும் இல்லை. அரசு கொடுத்த அந்தக் கதவைப் பிள்ளைகள் திறந்து பார்க்கவில்லை. விளையாட்டும் படமும் விண்டோஸில்தான் இருந்தன. பள்ளிகளில் நாங்களும் வற்புறுத்தவில்லை. பாடத்திட்டம் போகும் வேகத்தில் அதற்கு யாருக்கு நேரம்?

இதுவரை மெதுவாவது பற்றி மட்டும் பேசினேன். காவலாளியே வீட்டைப் பூட்டிவிட்ட கதைகளும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த முக்கியக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் எழுவதும் விழுவதுமாக இருந்தன. 2024 ஜூலை 19 உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் நின்றன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் எளிது. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும் முன் தடுத்துப் பார்க்க வேண்டுமானால், அந்த மென்பொருள் இயங்குதளத்தின் கருவறைக்குள் இருக்க வேண்டும். அங்கே இருப்பவர் கால் தடுக்கினால் மொத்தமும் சாயும்.

இலவசம் என்று வாங்கியவற்றின் கணக்கும் வேறு மாதிரி. அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கம் பார்த்தார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற தன் துணைக் கம்பெனி வழியாக விற்றது வெளியே வந்து, 2020-இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. நார்ட்டன் 2021-இல் ஒரு படி மேலே போனது. நீங்கள் சம்மதித்தால், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் எத்தீரியம் கிரிப்டோ காசு தயாரிக்கும் வசதி. வருமானத்தில் 15 சதவீதம் அவர்களுக்கு. அடுத்தவன் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக இதே வேலையைச் செய்யும் வைரஸ்களைப் பிடிப்பதும் அவர்கள் தொழில்தான்!

அப்படியானால் எடுத்துவிடலாமா? 2017 மே 12-ஐச் சொல்லிவிடுகிறேன். வானாக்ரை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் உட்பட ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் சிலவும் பாதிக்கப்பட்டன. புதுப்பிப்பு வந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும் என்று பயந்து அதை மூடி வைப்பவர்கள் நம் ஊரிலும் நிறைய. கல்யாண போட்டோ வைத்திருக்கும் அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஒரு தனி ஹார்ட் டிஸ்க் வாங்கி நகல் எடுத்து பீரோவில் வைத்துவிட்டார்.

என்னிடம் வரும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது, எத்தனை ஆன்டிவைரஸ் இருக்கிறது என்பது. இரண்டு இருந்தால் ஒன்றை முறைப்படி நீக்கச் சொல்கிறேன். காலாவதியான ஒன்று மட்டும் இருந்தால் அதையும் நீக்கச் சொல்கிறேன். விண்டோஸ் 10, 11-இல் அதை எடுத்தவுடன் உள்ளே இருக்கும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். முழுச் சோதனையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி வைக்கலாம். பிறகு அந்தப் பியூன். சுற்றும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், ஊசியும் இல்லை, சுற்றும் இல்லை, நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுக்கும். 2011 மடிக்கணினியில்கூட இதை மாற்றலாம். இத்தனை வருடப் புகாரில் பெரும்பங்கைத் தீர்த்தது ஆன்டிவைரஸ் கம்பெனிகள் செய்த எந்தத் திருத்தத்தையும் விட இந்தச் சின்ன அட்டைதான் என்பது என் எண்ணம். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ சர்வீஸ் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். பழைய டிஸ்கில் இருப்பதை நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிஃபெண்டருக்கான கேடிகள் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பட்டியல் வரும், ஓட்டை அடைக்கும் வேலை நடக்காது. வானாக்ரை நுழைந்தது ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டி என்றால் லினக்ஸ் போட்டுத் தருகிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது பென் டிரைவைச் சொருகிய நிலையில் கொண்டு வராதீர்கள்.